பனி நிலத்தின் ஒளிச் சாளரங்கள்

நுழையும்முன்

ஊரைப் பிரிந்து சென்றவரின் நெஞ்சில் அவர் பிறந்த ஊர் வாழ்ந்துகொண்டே இருக்கும். அந்த ஊரே அழிந்துவிட்டால், அது வாழ்வதற்கு நினைவைத் தவிர வேறு இடம் இல்லை. வடபுலத்துப் பனிக்காலத்தில் வளர்ந்த ஓவியர் ஒருவர், எழுபது வயதை நெருங்கும் வேளையில் தம் நினைவுகளைக் கண்ணாடியில் பதித்துக் கதிரொளிக்கு முன் நிறுத்தினார். மார்க் ஷகால் என்னும் அக்கலைஞரின் வாழ்வையும், அவர் கைக்கொண்ட வண்ணக் கண்ணாடிக் கலையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பனி மூடிய ஊர்

இன்றைய பெலாரஸ் நாட்டின் வடகிழக்குப் பகுதியில், மேற்கு திவினா ஆற்றின் கரையில் அமைந்துள்ள நகரம் விதெப்ஸ்க். 1887 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7 ஆம் நாள் இந்நகரை ஒட்டிய பகுதியில் மார்க் ஷகால் பிறந்தபோது, அது ரஷ்யப் பேரரசின் ஆளுகையில் இருந்தது. நகரின் மக்கள்தொகை அக்காலத்தில் ஏறத்தாழ 66,000. அவர்களுள் பாதிப்பேருக்கு மேல் யூதர்கள். மர வீடுகள், அவற்றைச் சூழ்ந்த வேலிகள், தெருவில் திரியும் ஆடுமாடுகள், தொலைவில் எழும் தேவாலயக் குவிமாடங்கள் ஆகியனவே ஷகால் கண்ட முதல் உலகம்.

விதெப்ஸ்க் நகரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 55 பாகையில் அமைந்தது. நடுப் பனிக்காலத்தில் அங்குப் பகற்பொழுது ஏறத்தாழ 7 மணி நேரமே நீடிக்கும். கதிரவன் உச்சிக்கு ஏறுவதில்லை. அடிவானத்தை ஒட்டியே சிறிது தொலைவு சென்று மறைந்துவிடும். ஆறு உறையும். கூரை, வேலி, தெரு அனைத்தும் வெண்பனிக்குள் மறையும். மாலை தொடங்கிய சிறிது நேரத்தில் அந்த வெண்மை நீலமாக மாறும். வீட்டுச் சாளரங்களில் எரியும் விளக்கின் மஞ்சள் ஒளி மட்டும் அந்நீலத்தினிடையே தெரியும். வெண்மை, நீலம், சிறு மஞ்சள் ஆகிய மூன்றும் அந்நிலத்துச் சிறுவர்கள் கண்டு வளரும் நிறங்கள்.

ஒன்பது பிள்ளைகளுள் மூத்தவர் ஷகால். தாய் சிறு மளிகைக் கடை நடத்தினார். தந்தை உப்பிட்ட மீன்களைச் சேமிக்கும் கிடங்கு ஒன்றில் கூலித் தொழிலாளியாக உழைத்தார். பனிக்காலத்திலும் உப்புநீர் நிறைந்த பீப்பாய்களைத் தூக்கி, குளிரில் விறைத்த கைகளால் மீன்களைக் கிளறிய தந்தையின் தோற்றத்தை, ஷகால் தம் தன்வரலாற்று நூலில் நெஞ்சுருகப் பதிவுசெய்துள்ளார். மாலையில் உப்புநீர் படிந்த ஆடையுடன் வீடு திரும்பும் தந்தை, வயலின் வாசிக்கும் மாமா, கூரைமேல் ஏறி அமர்ந்து கேரட் தின்ற தாத்தா ஆகியோரும் அந்நூலில் இடம்பெற்றுள்ளனர். பின்னாளில் அவருடைய ஓவியங்களில் வானில் பறக்கும் மீன்களும், கூரைமேல் நின்று இசைக்கும் வயலின் கலைஞரும் மீண்டும் மீண்டும் தோன்றினர். அவை வெறுங் கற்பனையில் பிறந்தவை அல்ல. அவர் வாழ்ந்த வீட்டிலிருந்து வந்தவை.

கூரைகளின்மேல் நடந்த முதியவர்

ஷகால் விதெப்ஸ்கில் யெஹூதா பென் என்னும் ஓவியரிடம் தொடக்கப் பயிற்சி பெற்றார். பின்னர்ப் பீட்டர்ஸ்பர்க் நகரிலும், அடுத்துப் பாரிஸிலும் ஓவியம் பயின்றார். 1914 ஆம் ஆண்டு சிறிது காலம் தங்கிச் செல்லும் எண்ணத்துடன் ஊர் திரும்பினார். அவ்வேளையில் முதல் உலகப்போர் மூண்டதால் பயணம் தடைப்பட்டது. அக்காலத்தில் அவர் வரைந்த ஓவியங்களுள் ஒன்று ‘விதெப்ஸ்க் நகரின் மேல்’ என்பதாகும். பனி படர்ந்த தெருவும் கூரைகளும் கீழே அமைதியாகக் கிடக்க, தோளில் மூட்டையும் கையில் கோலும் உடைய முதியவர் ஒருவர் வானில் மிதந்து செல்வதை அவ்வோவியத்தில் காணலாம்.

இந்தக் காட்சிக்குப் பின்னால் ஒரு மொழிவழக்கு உள்ளது. ஷகாலின் தாய்மொழி இத்திஷ். வீடு வீடாகச் சென்று இரந்து வாழ்பவரை, ‘வீடுகளின்மேல் செல்பவர்’ என்று அம்மொழியினர் குறிப்பிடுவர். அந்தத் தொடரின் சொற்பொருளை அப்படியே ஏற்று, இரவலரைக் கூரைகளுக்கு மேல் நடக்கவைத்தார் ஷகால். தாய்மொழியின் ஒரு தொடர், பனிக்காலத் தெரு ஒன்றில் ஓவியமாகிவிட்டது. ஊரும் மொழியும் ஒருவருடைய கலைக்குள் எவ்வளவு ஆழமாக வேரோடுகின்றன என்பதற்கு இவ்வோவியம் சான்று.

ஊரை இழத்தல்

ரஷ்யப் புரட்சிக்குப் பின் விதெப்ஸ்க் நகரில் ஓவியப்பள்ளி ஒன்றை நிறுவிய ஷகால், 1920 இல் அந்நகரைவிட்டு மாஸ்கோ சென்றார். 1922 இல் நாட்டையும் நீங்கினார். அதன்பின் தம் ஊர்த் தெருக்களில் அவர் ஒருபோதும் நடக்கவில்லை.

பிரான்சு நாட்டில் குடியமர்ந்து, 1937 இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார். அதே ஆண்டில், நாஜி அரசு தான் வெறுத்த கலைப்படைப்புகளை இழிவுபடுத்துவதற்காக மியூனிக் நகரில் நடத்திய கண்காட்சியில் அவருடைய ஓவியங்களும் வைக்கப்பட்டன. பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்த பின், யூதரான ஷகாலின் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. அவர் குடும்பத்துடன் அமெரிக்காவிற்குத் தப்பிச் சென்றார். 1941 ஜூன் 23 இல் அவர் நியூயார்க் நகரில் கரையிறங்கினார். அதற்கு முந்தைய நாளில்தான் ஜெர்மானியப் படை சோவியத் நாட்டின்மீது படையெடுத்திருந்தது. சில வாரங்களுள் விதெப்ஸ்க் நகரம் அப்படையிடம் வீழ்ந்தது. அங்கு எஞ்சியிருந்த யூதர்கள் அடைத்துவைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். 1944 ஜூனில் நகரம் மீட்கப்பட்டபோது, அதன் பெரும்பகுதி இடிபாடாகவே இருந்தது. அவ்வாண்டின் தொடக்கத்தில், தம் ஊரை ஓர் உயிராகவே விளித்து ஷகால் மடல் ஒன்று எழுதி வெளியிட்டிருந்தார். அதே ஆண்டில் அவருடைய மனைவி பெல்லாவும் மறைந்தார். விதெப்ஸ்கில் பிறந்து வளர்ந்த அவரே ஷகாலின் பல ஓவியங்களில் வானில் மிதக்கும் பெண்ணாகத் தோன்றியவர்.

1973 இல் சோவியத் நாட்டின் அழைப்பை ஏற்று ஷகால் மாஸ்கோவிற்கும் லெனின்கிராடிற்கும் சென்றார். விதெப்ஸ்க் நகருக்கு மட்டும் செல்லவில்லை. அவர் அறிந்த ஊர் அங்கு இல்லை. அது அவர் வரைந்தவற்றில் மட்டுமே இருந்தது.

கண்ணாடியில் ஒளி தீட்டும் கலை

ஷகால் தம் முதுமையில் கைக்கொண்ட கலை, ஐரோப்பாவில் தொன்றுதொட்டு வளர்ந்த வண்ணக் கண்ணாடிக் கலையாகும். இதன் செய்முறையை விளக்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல் இன்றும் கிடைக்கிறது. பிரான்சு நாட்டின் சார்த்ர் நகரப் பேராலயத்தில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சாளரங்கள் இன்றளவும் ஒளிர்கின்றன. 1952 இல் ஷகால் அங்குச் சென்று அவற்றை ஊன்றிக் கற்றார்.

இக்கலையில் பெரும்பாலான நிறங்கள் கண்ணாடியின் மேல் பூசப்படுவதில்லை, கண்ணாடிக்குள்ளேயே கலந்திருக்கின்றன. மணலை உருக்கிக் கண்ணாடி செய்யும்போதே உலோக ஆக்சைடுகளைச் சேர்ப்பர். கோபால்ட் நீலத்தையும், மாங்கனீசு ஊதாவையும், செம்பு செய்முறைக்கேற்பப் பச்சையையோ சிவப்பையோ தரும். முதலில் ஓவியர் சிறு வரைவு ஒன்றை உருவாக்குவார். அது சாளரத்தின் முழு அளவிற்குப் பெரிதாக்கப்படும். அதன்படி வண்ணக் கண்ணாடித் துண்டுகள் வெட்டப்படும். முகம், இறகு, இலை முதலியவற்றின் கோடுகளும் நிழல்களும் உலோக ஆக்சைடும் கண்ணாடித் தூளும் கலந்த கருமையான பூச்சினால் தீட்டப்பட்டுச் சூளையில் சுடப்படும். அதனால் பூச்சு கண்ணாடியோடு ஒன்றிவிடும். இறுதியாக, இருபுறமும் பள்ளம் கொண்ட ஈயப் பட்டைகளில் துண்டுகளைச் செருகி, இணைப்புகளைப் பற்றவைப்பர். ஓவியத்தில் கருங்கோடுகளாகத் தெரிபவை இந்த ஈயப் பட்டைகளே.

சுவரோவியத்திற்கும் சாளர ஓவியத்திற்கும் அடிப்படை வேறுபாடு ஒன்றுண்டு. சுவரோவியத்தில் படும் ஒளி திரும்பிக் கண்ணை அடைகிறது. சாளர ஓவியத்தில் ஒளி ஊடுருவி வந்து கண்ணை அடைகிறது. எனவே, கண்ணாடி ஓவியம் காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறொன்றாகவும் தோன்றும். மேகம் மறைத்தால் மங்கும், விலகினால் எரியும். வானம் மாறுவதற்கேற்ப ஓவியமும் மாறும்.

ஒளி குறைந்த வேளையில் மனிதக் கண்ணுக்குச் சிவப்பு விரைவில் கருத்துத் தெரியும். நீலம் நெடுநேரம் ஒளிர்வதாகத் தோன்றும். செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டுரைத்த உண்மை இது. பகற்பொழுது குறுகிய நிலத்தில், மாலை இருட்டிலும் கடைசிவரை நின்று ஒளிர்வது நீலக் கண்ணாடியே. ஷகாலின் சாளரங்களில் நீலம் மேலோங்கி நிற்பதைக் காண்போர், பனிமேல் படரும் அந்த வடபுலத்து மாலையை நினைவுகூர்வது இயல்பு.

எழுபதில் ஒரு தொடக்கம்

ஷகாலின் முதல் கண்ணாடிச் சாளரங்கள் பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் உள்ள அஸ்ஸி தேவாலயத்தில் 1957 இல் அமைந்தன. பலர் ஓய்வை நாடும் வயதில் அவர் புதிய தொழில் ஒன்றைக் கற்கத் தொடங்கினார். 1958 இல் மெட்ஸ் நகரப் பேராலயத்திற்கான பணியில், ரேம்ஸ் நகரக் கண்ணாடிக் கலைஞர் ஷார்ல் மார்க் என்பவரோடு இணைந்தார். அந்தக் கூட்டுறவு ஷகாலின் இறுதிநாள் வரை நீடித்தது.

ஷகால் வண்ணம் தீட்டிய சிறு வரைவை மார்க் கண்ணாடியின் மொழிக்கு மாற்றுவார். எந்த நீலத்திற்கு எந்தக் கண்ணாடி, ஈயக்கோடு எங்கே செல்லவேண்டும் என்பனவற்றை அவர் தேர்ந்தெடுப்பார். நிறமற்ற கண்ணாடியின்மேல் மெல்லிய வண்ணப்படலம் படிந்த இரட்டை அடுக்குக் கண்ணாடியைப் பயன்படுத்தி, அப்படலத்தை அமிலத்தால் தேவையான அளவு கரைப்பதன்மூலம் ஒரே துண்டில் பல நிறச்சாயல்களைக் கொணர்ந்தார். நிறம் மாறும் இடமெல்லாம் ஈயக்கோடு வேண்டும் என்ற கட்டுப்பாடு இதனால் தளர்ந்தது. அதன்பின் ஷகால் பட்டறைக்கு வந்து, தாமே கண்ணாடிமீது கருமையான பூச்சினால் தீட்டுவார். சிலவற்றைச் சுரண்டி ஒளிக்கு வழிவிடுவார். ஒருவருடைய நினைவு, மற்றொருவருடைய கைத்திறனின் துணையால் சாளரமாயிற்று.

துயரிலிருந்து ஒளி

எருசலேம் நகரின் ஹதாசா மருத்துவமனை வளாகத்தில் உள்ள யூதத் தொழுகைக்கூடத்திற்காக 12 சாளரங்களை இருவரும் உருவாக்கினர். அவை 1962 இல் திறந்துவைக்கப்பட்டன. இஸ்ரயேலின் 12 குலங்களைக் குறிக்கும் அச்சாளரங்களில், யூத மரபிற்கேற்ப மனிதர் உருவம் வரையப்படவில்லை. மீன்களும் பறவைகளும் விலங்குகளும் மலர்களுமே அங்குப் பேசுகின்றன. மனிதரை வரையாமலே மனித உணர்வைக் காட்டவேண்டிய நிலையில், மீனுக்கும் ஆட்டிற்கும் இளமையிலேயே முகம் கண்டிருந்த ஓவியருக்கு அப்பணி இயல்பாகக் கைவந்தது. 1967 ஆம் ஆண்டுப் போரில் சாளரங்கள் சில சேதமடைந்தன. ஷகால் அவற்றைச் சீர்செய்து கொடுத்தார். குண்டு துளைத்த தடங்கள் நினைவாக விட்டுவைக்கப்பட்டன.

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் டியூட்லி என்னும் சிற்றூர் உள்ளது. படகு விபத்தில் 21 வயது மகளைப் பறிகொடுத்த பெற்றோர், அவ்வூர்த் தேவாலயத்தில் மகளின் நினைவாக ஒரு சாளரம் அமைத்துத் தருமாறு ஷகாலை வேண்டினர். 1967 இல் அமைந்த அச்சாளரத்தில் கடல்நீலம் பரந்து கிடக்கிறது. அலைகளிடையே ஒரு பெண் கிடக்கிறாள். மேலே ஓர் ஏணி எழுகிறது. சாளரத்தை நிறுவும்போது அங்கு வந்த ஷகால், எஞ்சிய சாளரங்களையும் தாமே செய்து தர விரும்பினார். அவ்வாறே அத்தேவாலயத்தின் 12 சாளரங்களும் அவருடைய கைவண்ணமாயின. ஒரு குடும்பத்தின் துயருக்கு ஓர் ஊரே ஒளியின் நடுவே அமர்ந்து ஆறுதல் கூறும் இடமாக அது விளங்குகிறது.

மைன்ஸ் நகரின் நீலம்

ஷகாலின் வாழ்வில் கடினமான வேண்டுகோள் ஜெர்மனியிலிருந்து வந்தது. மைன்ஸ் நகரின் புனித ஸ்தேவான் தேவாலயம் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் சிதைந்து, பின்னர் மீளக் கட்டப்பட்டது. 1973 இல் அதன் அருட்தந்தை, தேவாலயத்திற்குச் சாளரங்கள் செய்து தருமாறு ஷகாலுக்கு மடல் எழுதினார். தம் ஓவியங்களை இழிவுபடுத்திய, தம் ஊரை அழித்த, தம் மக்களைக் கொன்ற ஆட்சி எந்த நாட்டில் எழுந்ததோ, அந்த நாட்டிலிருந்து வந்த மடல் அது. மறுப்பதற்கு ஷகாலுக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. உடனே உடன்படாத அவர், நீண்ட கடிதப் போக்குவரத்திற்குப் பின் இசைந்தார்.

1978 இல் முதல் சாளரம் நிறுவப்பட்டபோது அவருக்கு வயது 91. 1985 மார்ச் 28 இல், தம் 97 ஆம் வயதில் மறையும் காலம் வரை அப்பணி தொடர்ந்தது. 9 சாளரங்களை அவர் அத்தேவாலயத்திற்கு வழங்கினார். யூதர்களும் கிறித்தவர்களும் பொதுவாகப் போற்றும் மறைநூற் காட்சிகள் அவற்றில் இடம்பெற்றன. யூத - ஜெர்மானிய நல்லிணக்கத்தின் அடையாளமாக அவை கருதப்படுகின்றன. ஷகால் மைன்ஸ் நகருக்கு ஒருமுறையும் செல்லவில்லை. தாம் தந்த ஒளியில் அந்தத் தேவாலயம் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அவர் நேரில் கண்டதே இல்லை.

இன்று அத்தேவாலயத்திற்குள் நுழைவோர் முதலில் காண்பது உருவங்களை அன்று, நீலத்தையே காண்கின்றனர். தூண்கள், தரை, இருக்கைகள், அமர்ந்திருப்போரின் கைகள் என அனைத்தின்மீதும் அந்நீலம் மெல்லப் படிகிறது. பனிக்கால மாலையில் ஓர் ஊர் முழுவதும் நீலமாகும் காட்சியைப் போன்றது அது. அந்த ஒளியில் அமர்ந்திருப்பவர் எந்நாட்டவர், எச்சமயத்தவர் என்று நிறம் பார்ப்பதில்லை.

விதெப்ஸ்கின் பழைய மரவீடுகளும் அவற்றில் வாழ்ந்தோரும் திரும்பப்போவதில்லை. அந்த இழப்பைப் பழியாகவும் கசப்பாகவும் சுமந்து வாழ்ந்திருக்க ஷகாலுக்கு இடமிருந்தது. அவர் அதனைக் கண்ணாடிக்குள் வைத்தார். நாள்தோறும் எழும் புதிய கதிரவன் அதனூடே நுழைந்து, முன்பின் அறியாத மனிதர்மீது விழுமாறு செய்தார். மீன் கிடங்கில் விறைத்த தந்தையின் கைகளைக் கண்டு வளர்ந்த சிறுவன், உலகிற்கு விட்டுச்சென்ற வெதுவெதுப்பு அதுவே.

தெரிந்து தெளிவோம்

ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச்செயலாளராகப் பணியாற்றி, 1961 இல் விமான விபத்தில் உயிர்நீத்த டாக் ஹாமர்ஷோல்டின் நினைவாக, நியூயார்க்கில் உள்ள அவையின் தலைமையகத்தில் 1964 இல் ஷகாலின் ‘அமைதிச் சாளரம்’ நிறுவப்பட்டது. சூரிச் நகரின் ஃபிராவ்மூன்ஸ்டர் தேவாலயம் (1970), ரேம்ஸ் பேராலயம் (1974), சிகாகோ கலைக்கழகம் (1977) ஆகிய இடங்களிலும் அவருடைய கண்ணாடிச் சாளரங்களைக் காணலாம்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மறைந்துபோன ஓர் இடத்தை (குளம், சந்தை, திண்ணை, மரம் போன்றவை) முதியோரிடம் கேட்டறிந்து, அதன் நிறம், ஒலி, மணம் ஆகியன விளங்குமாறு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. வண்ணத் தாள்களையும் கறுப்பு அட்டையையும் கொண்டு சாளர ஓவியம் ஒன்றை உருவாக்குக. காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் அதில் காணும் மாற்றங்களைக் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
3. தமிழ் மரபுத்தொடர் ஒன்றின் சொற்பொருளை அப்படியே ஓவியமாக வரைந்து, அத்தொடரின் வழக்குப்பொருளை அதன்கீழ் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கண்ணாடிக்கு நீல நிறம் தருவது
அ) மாங்கனீசு ஆ) கோபால்ட் இ) ஈயம் ஈ) மணல்
2. ஷகாலின் வரைவுகளைக் கண்ணாடிச் சாளரங்களாக்கத் துணைநின்றவர்
அ) யெஹூதா பென் ஆ) புர்கின்யே இ) ஷார்ல் மார்க் ஈ) டாக் ஹாமர்ஷோல்ட்

குறுவினா

1. ‘வீடுகளின்மேல் செல்பவர்’ என்னும் தொடரை ஷகால் எவ்வாறு ஓவியமாக்கினார்?
2. சுவரோவியத்திற்கும் சாளர ஓவியத்திற்கும் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா

1. வண்ணக் கண்ணாடிச் சாளரம் உருவாக்கும் முறையை விவரிக்க.
2. இரட்டை அடுக்குக் கண்ணாடியின் பயன்பாடு ஷகாலின் கலைக்கு எவ்வாறு உதவியது?

நெடுவினா

மைன்ஸ் நகரத் தேவாலயத்திற்குச் சாளரங்கள் செய்து தர ஷகால் இசைந்ததை, அவருடைய வாழ்க்கை நிகழ்வுகளோடு பொருத்தி மதிப்பிடுக.